கடைசி அளவு

குழி இடுப்பளவு இறங்கியிருந்தது. மழை விடுவதாக இல்லை.

எங்கள் எஸ்டேட்டின் இடுகாடு தேயிலைக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. வண்டிப்பெரியார் பக்கத்து மண்ணைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் ஒரு கூடை அள்ளி வெளியே கொட்டினால் அரைக்கூடை வழுக்கிக்கொண்டு திரும்ப உள்ளே வந்து விழும். குழி வெட்டிய ஆறு பேரும் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய்க் கரையேறி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கட்டியிருந்த தார்ப்பாயின் கீழே வந்து நின்றார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிளாஸ். வரிசையாகக் கையை நீட்டினார்கள்.

நான் ஊற்றினேன்.

என் கையில் இருந்தது எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர். பாதி உயரத்தில் ஒரு நெளிவு உண்டு. பிராந்தியை அந்த நெளிவு வரை ஊற்றி, ஒவ்வொரு கிளாஸிலும் கவிழ்ப்பேன். ஒருவருக்கும் கூடாது, ஒருவருக்கும் குறையாது. பக்கத்தில் அந்தோணி அவித்த முட்டையும் ஊறுகாய்ப் பாக்கெட்டும் வைத்துக்கொண்டு நின்றான்.

"செல்லத்துர ஊத்துனா தராசுல நிறுத்த மாதிரில்லா இருக்கு" என்றார் முருகையா. குழி வெட்டுகிறவர்களில் மூத்தவர் அவர். "பிராந்திக்கு மத்தியில நிக்கான், மூக்கக்கூடச் சுளிக்கல பாத்தியளா. இவன் மனுசனே இல்லவே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குடியை நான் விட்டு அப்போது இரண்டு வருடமும் சில மாதங்களும் ஆகியிருந்தன.

### ஒரு கார்டு

இந்தக் கதையை இந்தத் தொடரில் எழுதுவதாகவே இல்லை. எஸ்டேட் ஸ்கூலில் ஐந்தாம் வகுப்பு படித்தது, மட்டக்குதிரை வைத்திருந்த துரை என்று ஊர்க்கதையாக ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் கம்பத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். "குடியை வென்ற உங்களைப் போன்றவர்கள்தான் இளைஞர்களுக்கு வழிகாட்டி" என்று.

வென்ற! அந்த ஒரு சொல் இரண்டு நாள் என்னைச் சாப்பிட விடவில்லை. வாசகர் மேல் தப்பில்லை. குடியை விட்டதைப் பற்றி முன்பு இரண்டு வரி எழுதியிருந்தேன், அது அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆகவே இந்த வாரம் ஊர்க்கதை இல்லை.

### முள்ளைப் பார்க்கிற பெண்கள்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிறவன். பெண்கள் பறித்த தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து காட்டு ரோட்டுக்குக் கொண்டுவருவார்கள். முக்காலியில் தொங்குகிற தராசில் நான் அதை மாட்டி, முள் நிற்கிற எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுவை.

எண்ணை நான் சொன்னாலும், ஒவ்வொருத்தியும் தலையை நீட்டி முள்ளைப் பார்ப்பாள். என் மனைவி பேச்சியம்மாளே பார்ப்பாள். கட்டின புருசனை நம்பாமலா என்று கேட்டால், "புருசன நம்புதேன், தராசுக்காரன நம்ப முடியுமா?" என்பாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. குடித்த காலத்தில் காலை நிறுவைக்கே என் கை நடுங்கும். சாக்கை மாட்டிவிட்டு முள் நிற்கட்டும் என்று காத்திருப்பேன். அது நிற்காது. ஒரு நாள் வரிசையில் நின்ற ஒரு அக்கா, "தம்பி, தராசு அப்பவே நின்னுட்டு. ஆடுதது நீதான்" என்றாள். மலையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் ஒரு கிளாஸ் கூடுதலாகக் குடித்தேன்.

அந்த வருடங்களை விரித்து எழுதப் போவதில்லை. குடிகாரன் வீட்டுக் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். பேச்சி தன் அம்மா வீடான சங்கரன்கோவிலுக்கு மூன்று முறை போனாள், மூன்று முறை திரும்பி வந்தாள். நாலாவது முறை பெட்டியைக் கட்டியவள், அதைத் தூக்காமல் என்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். குட்டிக்கானம் வளைவெல்லாம் நான் வாந்தி எடுத்தபடியே மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே குடி நிறுத்துகிறவர்களுக்குத் தனி வார்டு இருந்தது.

### லீலாம்மா சிஸ்டர்

அந்த வார்டைப் பார்த்துக்கொண்டவர் லீலாம்மா சிஸ்டர். மலையாளி. எங்களுக்காகத் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். ஒல்லியான உடம்பு, ஆனால் சத்தம் போட்டால் வார்டே எழுந்து உட்காரும்.

கிளம்புகிற அன்று எல்லோருக்கும் ஒன்று சொல்லி அனுப்புவார். "பயம் தோணினா போன் பண்ண வேண்டா. அது நல்லதாணு. பயம் போயி, 'இனி எனக்கு ஒண்ணும் வராது'ன்னு தோணுமில்லே, அந்நு உடனே விளிக்கணும்."

பயம் போன அன்றைக்குக் கூப்பிட வேண்டுமாம்! எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பயம் போவதற்காகத்தானே இத்தனை நாள் கட்டிலில் கிடந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். சரி சிஸ்டர் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மலைக்குத் திரும்பி வந்து, குடியை விட்ட நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை கூட ஆரம்பித்தோம். எஸ்டேட் கிரெச் கட்டடம் அன்று சும்மா கிடக்கும். பிள்ளைகள் உட்காருகிற குட்டி பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பால் ஊற்றாத கட்டன்சாயா குடிப்போம். ஒவ்வொருவராக எழுந்து, குடிக்காமல் எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். எண்ணைச் சொன்னதும் மற்றவர்கள் கை தட்டுவார்கள். அவ்வளவுதான் கூட்டம்.

என் எண்தான் எப்போதும் பெரியது. அதைக் கடைசியில் சொல்வதற்காகவே நான் ஓரத்துப் பெஞ்சில் உட்காருவேன்.

அந்தோணியை அங்கே அழைத்து வந்தது நான். அவன் ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கிற டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். நல்ல பாட்டுக்காரன், எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு அவன் குரல்தான். ஆனால் குடியில் என்னைவிட இரண்டு படி கீழே இறங்கியிருந்தான். நானே அவனை லீலாம்மா சிஸ்டரிடம் கொண்டு போய் விட்டேன். கிளம்பும்போது டாக்டர் அவன் மனைவி ஜெயமேரியைக் கூப்பிட்டு, ஈரல் பாதி போய்விட்டது, இன்னொரு தடவை ஆரம்பித்தால் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

ஜெயமேரி அழவில்லை. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் திரும்பி, "அண்ணே, டாக்டரு சொல்லுததெல்லாம் எனக்கு மனசுல நிக்காது. ஒங்களப் பாத்துத்தான் நம்புதேன். நீங்க நிக்கீயள்லா, இவுகளும் நிப்பாக" என்றாள்.

அன்றிலிருந்து ஒன்று கவனித்தேன். நிறுவையில் அவள் முறை வரும்போது சாக்கை மாட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொள்வாள். பக்கத்தில் யாரிடமாவது பேசுவாள், இல்லாவிட்டால் சேலை முந்தியால் முகத்தைத் துடைப்பாள். நான் சொல்கிற எண்ணைக் கேட்டுக்கொண்டு போய்விடுவாள். எங்கள் டிவிஷனில் முள்ளைப் பார்க்காத ஒரே பெண் அவள்தான்.

### பாலுக்கும் காவல்

டம்ளர் என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கல்யாணமானாலும் சாவானாலும் ஆண்களுக்கு ஒரு மூலையில் ஊற்றிக் கொடுப்பது உண்டு. முக்கியமாகக் குழி வெட்டுகிறவர்களுக்கு. குடித்தால்தான் அந்த வேலை ஓடும் என்பது ஐதீகம். ஊற்றுகிறவன் தனக்குக் கூடுதலாகச் சரித்துக்கொள்வான். அதில் சண்டை வரும். ஒரு சாவு வீட்டில் சண்டை முற்றி, பிணம் ஒரு பக்கம் கிடக்க, இன்னொருவனுக்கு மண்டை உடைந்தது.

அதற்குப் பிறகு முருகையாதான் யோசனை சொன்னார். "செல்லத்துரகிட்ட குடுங்க. நிறுக்குத கை. அவன் தொடவும் மாட்டான், கள்ளமும் பண்ண மாட்டான்." ஊரே ஆமாம் என்றது.

தராசு ஆடுகிறது என்று சிரித்த அதே ஊர். எனக்கு அது பட்டாபிஷேகம் மாதிரி இருந்தது.

பேச்சி கேட்டதும் அரிசி களைந்துகொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனோ? அவங்களுக்கு ஊத்தணும்னா அவங்க ஊத்திக்கிடட்டும். ஒங்களுக்கு அங்கன என்ன சோலி?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நாத்தம்கூட இப்பல்லாம் பிடிக்கல."

"பிடிக்காதவன் மூணு தெரு சுத்திப் போவான். பக்கத்துல போயி நின்னு பிடிக்கலன்னு சொல்ல மாட்டான்."

நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பொறாமை என்று நினைத்தேன். சொந்த மனைவிக்கு என் மேல் பொறாமை என்று நினைக்கிற அளவுக்கு எனக்குத் தலை கனத்திருந்தது.

லீலாம்மா சிஸ்டருக்கு மாதம் ஒரு முறை போன் செய்வேன். டம்ளர் கைக்கு வந்து சில மாதம் ஆன பிறகு ஒரு தடவை பெருமையாகவே சொன்னேன். "சிஸ்டர், இப்ப நானே என் கையால டம்ளர்ல அளந்து ஊத்திக் குடுக்கேன். ஆறு சாவு, ரெண்டு கல்யாணம் ஆச்சு. ஒரு சொட்டு நாக்குல படல."

பாராட்டுவார் என்று காத்திருந்தேன். "சேட்டா, எனிக்கு பேடியாணு" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று மலையாளத்தில் சொன்னார். "அது வேண்டா, விட்டேக்கு. நாளைத்தன்னே அந்த டம்ளரை வேறே ஆளுட கையில கொடு."

சரி சிஸ்டர் என்றேன். அதற்குப் பிறகு அவருக்கு நான் போன் செய்யவில்லை.

### மேல் லயத்துப் பரமசிவம் பெரியவரின் பங்கு

இப்போது மழைக்கும் குழிக்கும் வருகிறேன்.

அன்று இறந்திருந்தவர் மேல் லயத்துப் பரமசிவம் பெரியவர். எண்பதைத் தாண்டியவர். தூக்கத்தில் போனார். யாருக்கும் பெரிய துக்கமில்லை. எனக்கும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், துக்கத்தில் குடித்தேன் என்று யாரும் எனக்காகச் சமாதானம் சொல்லிவிடக் கூடாது.

எங்கள் வழக்கப்படி, குழி முடிந்து எல்லோருக்கும் இரண்டாவது சுற்று ஊற்றின பிறகு, கடைசியாக ஓர் அளவு செத்தவருக்கு. அதை ஊற்றுகிறவனே எடுத்துக்கொண்டு போய்க் குழியின் தலைமாட்டு மண்ணில் கவிழ்க்க வேண்டும். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். அதற்கு முன் ஏழெட்டுச் சாவில் அப்படிக் கவிழ்த்திருக்கிறேன்.

அன்றும் டம்ளரை நெளிவு வரை நிறைத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். மற்றவர்கள் பிணத்தைக் கொண்டுவரக் கீழே இறங்கிவிட்டார்கள். குளிர் எலும்பில் குத்தியது. முருகையா சொன்னது காதில் இருந்தது. இவன் மனுசனே இல்லவே.

என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். 'இரண்டு வருசமாக இதை ஜெயித்திருக்கிறேன். இந்த ஒரு அளவு என்னை என்ன செய்துவிடும்? நாளைக்குத் தொடப் போவதில்லை. தொடாமல் இருக்க எனக்குத் தெரியும்.' இதுதான் ஓடியது. ஆசை என்று ஒன்று வந்திருந்தால் பயந்திருப்பேனோ என்னவோ. வந்ததெல்லாம் தெம்புதான்.

குடித்துவிட்டேன். செத்தவரின் பங்கை.

டம்ளரை மழையில் கழுவிவிட்டுத் திரும்பினால், அந்தோணி பத்தடி கீழே நின்றுகொண்டிருந்தான். மீந்த ஊறுகாய்ப் பாக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறான். அவன் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"குளிரு" என்றேன்.

"ஆமாண்ணே, நல்ல குளிரு" என்றான்.

### ஏலக்காய்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரெச்சில் என் முறை வந்தது. எழுந்தேன். அந்தோணி எதிர் பெஞ்சில் இருந்தான். நான் ஒன்று என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை, குடித்து நாலு நாள் ஆகியிருந்தது, நாலு. எண்ணூற்றிச் சொச்சம் என்று வழக்கம்போலச் சொன்னேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். அந்தோணியும் தட்டினான்.

அந்தக் கைதட்டலை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. காட்டிக்கொடுக்கவில்லையே என்று நிம்மதிதான் வந்தது. அவனோ வேறு கணக்குப் போட்டிருக்கிறான். அண்ணன் ஓர் அளவு குடித்தார், மறுநாள் காலையில் கை நடுங்காமல் கொழுந்து நிறுத்தார், ஞாயிற்றுக்கிழமை எண்ணும் குறையவில்லை. அப்படியானால் தெரிந்தவனுக்கு ஓர் அளவு ஒன்றும் செய்யாது போலிருக்கிறது.

எனக்கும் ஓர் அளவோடு நிற்கவில்லை. முதலில் குழிமேட்டில் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். பிறகு கல்யாணத்தில். பிறகு சாவும் கல்யாணமும் இல்லாத வாரங்களில் கொழுந்துச் சாக்குகளுக்கு அடியில் ஒரு கால் பாட்டில். வாயில் எப்போதும் ஏலக்காய். எங்கள் பக்கம் ஏலக்காய்க்கா பஞ்சம்?

பேச்சியிடம் அது எத்தனை நாள் செல்லும்? ஒரு சாயங்காலம் பக்கத்தில் வந்து நின்றவள், "என்ன இப்படி மணக்கு? இன்னைக்கு நான் பாயசம் ஒண்ணும் வைக்கலியே" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. நெளிந்த டம்ளரை எடுத்துக் கரி தேய்த்துக் கழுவி, அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

அந்தோணி குடிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது கார்த்திகையில். டிரையர் அடுப்புக்கு முன்னால் மயங்கி விழுந்துவிட்டான் என்று ஃபேக்டரியில் இருந்து ஆள் ஓடி வந்தார்கள்.

### ஒங்களுக்கு முடியுது

கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் போனபோது ஜெயமேரி கஞ்சி வாங்க வெளியே போயிருந்தாள். அந்தோணியின் கண் மஞ்சளாக இருந்தது. வயிறு நிறைமாதக்காரிக்கு மாதிரி உப்பியிருந்தது. கையைப் பிடித்தேன். அந்தக் கையில் இருந்த தீக்காயத் தழும்பெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணே" என்றான். குரல் காற்றாக வந்தது. பாடுகிற குரல் அது.

"பேசாத. படுத்துக்க."

"ஒரு அளவோட நிறுத்திரலாம்னுதான்ணே ஆரம்பிச்சேன். நீங்க நிறுத்தலியா. ஒங்களுக்கு முடியுது. எனக்கு ஏன்ணே முடிய மாட்டேங்கு?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் முடியவில்லை தம்பி, இந்த நிமிடம்கூடக் குடித்துவிட்டுத்தான் உன் முன்னால் நிற்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் ஏலக்காய் இருந்தது. அதை நாக்கால் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டேன்.

"முடியும். ஒன்னாலயும் முடியும். தைரியமா இரு" என்றேன்.

தலையாட்டினான். நான் சொன்னதை அப்போதும் நம்பினான் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

ஜெயமேரி கஞ்சியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "அண்ணன் வந்துட்டாகல்லா, இனி சரியாயிரும்" என்று அவனிடம் சொன்னாள்.

சரியாகவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது செத்துப்போனான்.

### மண்வெட்டி

அதே மேடு. மழை இல்லை, பனி. குழி வெட்டுகிறவர்கள் கூடினார்கள். முருகையா பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"இன்னைக்கு நான் ஊத்தல" என்றேன். மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன்.

அதற்கும் புகழ்தான் கிடைத்தது. "கூடப்பொறந்தவன் மாதிரில்லா பாத்துக்கிட்டான். அவனால எப்படி ஊத்த முடியும்?" என்று பெண்கள் பேசிக்கொண்டது கேட்டது. கை கொப்பளித்து உடைகிற வரைக்கும் வெட்டினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. யாராவது ஒருவர் திட்டியிருக்கலாம்.

மறுநாள் நானே பஸ் ஏறி லீலாம்மா சிஸ்டரிடம் போனேன். கதவைத் திறந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. "எத்தனை நாளாயி?" என்று மட்டும் கேட்டார். ஐந்து மாதம் என்றேன். பழைய கட்டிலையே கொடுத்தார்.

திரும்பி வந்து கிரெச்சில் எழுந்து நின்று, நான் குடித்தேன், திரும்ப ஆரம்பிக்கிறேன் என்று சொன்னேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். அந்தோணி இறந்த துக்கத்தில் குடித்துவிட்டேன் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் திருத்தவில்லை. இது நடந்து நாலைந்து வருடமாகிறது. இதுவரைக்கும் திருத்தவில்லை. பேச்சி இப்போது என்னோடு பேசுகிறாள். டம்ளர் அரிசிப் பானையில்தான் கிடக்கிறது, அதில்தான் அரிசி அளக்கிறாள்.

### போன ஞாயிற்றுக்கிழமை

கம்பத்துக் கார்டு வந்த பிறகு இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியபோதுதான் உறைத்தது. வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டு கடையில் இந்தப் பத்திரிகை தொங்கும். ஜெயமேரியின் மூத்த மகள் அதை வாங்குகிறவள். அவர்களுக்கு முன்னால் நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நியாயமில்லை.

போனேன். ஜெயமேரி லயத்து வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். "வாங்கண்ணே" என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். மழை, குழிமேடு, கடைசி அளவு, அவன் பார்த்தது, கிரெச்சில் நான் சொன்ன பொய் எண், ஆஸ்பத்திரி, ஏலக்காய், எல்லாம். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் ஒரே துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அதில் தண்ணீர் எப்போதோ நின்றுவிட்டது.

பிறகு கேட்டாள். "கெடக்கும்போது ஒங்ககிட்டயும் அவுக கேட்டாகளா? எனக்கு ஏன் முடியலன்னு?"

"கேட்டான்."

"அப்பமாச்சும் சொல்லியிருக்கலாம்லா, என்னாலயும் முடியலன்னு?"

அவளே தொடர்ந்தாள்.

"அதுக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாம். கிரெச்சுல வச்சே. பயந்திருப்பாகண்ணே. அண்ணனே விழுந்துட்டாகன்னு பயந்து நின்னிருப்பாக. அவுகளுக்கு தைரியம்தான் ஆகாது. பயந்தா நிக்கத் தெரியும்."

துணியை உதறிக் கயிற்றில் போட்டாள். திட்டவில்லை. உள்ளே போய்க் கட்டன்சாயா கொண்டுவந்து தந்தாள். குடித்தேன். கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்ப வெளியே வரவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை நிறுவை. தூறல் இருந்தது. வரிசையில் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ ஜெயமேரி வந்தாள். சாக்கை இறக்கினாள். நான் தராசில் மாட்டினேன். முள் ஆடி நின்றது.

"இருவத்திமூணு" என்றேன்.

அவள் திரும்பிக்கொள்ளவில்லை. ஒரு எட்டு முன்னால் வந்து, தராசுக் கண்ணாடியில் படிந்திருந்த தண்ணீரைப் பெருவிரலால் துடைத்துவிட்டு, முள்ளைப் பார்த்தாள்.